குப்பைமேட்டைத் தோண்ட எதுக்கு இவ்வளவு செலவுன்னு கேட்டவங்களுக்கு – கனடாவில் காணாமல் போகும் பூர்வகுடிப் பெண்கள்

கயல்_வின்னிபெக்

பக்கத்து இழையில ஒருத்தர் "செத்துப்போன ரெண்டு பேருக்காக குப்பைமேட்டைத் தோண்ட நம்ம வரிப்பணம் எதுக்கு"ன்னு கேட்டிருந்தார், கீழ நிறைய பேர் ஆமா ஆமான்னு எழுதியிருந்தீங்க. அங்கயே பதில் எழுத ஆரம்பிச்சு நீளமாப் போயிடுச்சு, அதான் தனி இழை. நான் மானிடோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்ல இருக்கேன், எல்லாம் இங்க நடந்ததுதான், அதனால முதல்லேருந்தே சொல்லிடறேன்.

2022 மார்ச்சுக்கும் மே மாசத்துக்கும் நடுவுல வின்னிபெக்ல ஒரே ஆள் நாலு பூர்வகுடிப் பெண்களைக் கொன்னான். ரெபேக்கா கொன்டோய், 24 வயசு. மார்சிடீஸ் மைரன், 26. மோர்கன் ஹாரிஸ், 39. நாலாவது யாருன்னே அப்ப தெரியல, பூர்வகுடிப் பெரியவங்க அவங்களுக்கு காட்டெருமைப் பெண்ணுன்னு பேர் வெச்சாங்க, ஒரு பேர் கூட இல்லாம அந்தப் பொண்ணை விட்டுடக் கூடாதுன்னு. கொன்னவன் பேரை நான் எழுதப் போறதில்ல. வீடில்லாதவங்க தங்கற ஷெல்டர் பக்கமாப் போய், யாரும் துணைக்கு இல்லாத பொண்ணுங்களாப் பாத்துப் பேச்சுக் குடுத்து கூட்டிட்டுப் போயிருக்கான். உடல்களைக் குப்பைத்தொட்டியில போட்டிருக்கான், குப்பை லாரி அள்ளிட்டுப் போயிடுச்சு.

மே மாசம் ரெபேக்காவோட உடல்ல ஒரு பகுதி அவன் அபார்ட்மென்ட் பக்கத்துக் குப்பைத்தொட்டியில கிடைச்சப்புறம்தான் ஆள் மாட்டினான். மிச்சத்தை ஜூன்ல பிரேடி ரோடு குப்பைக்கிடங்குல தேடி எடுத்தாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கிடங்குல தேடினா கிடைக்கும்னு அதே போலீஸ் அதே வருஷம் செஞ்சு காட்டியாச்சு. மோர்கனும் மார்சிடீஸும் ஊருக்கு வடக்க இருக்கற பிரெய்ரி கிரீன் கிடங்குல இருக்காங்கங்கறதும் ஜூன்லயே போலீசுக்குத் தெரியும். வெளிய சொன்னது டிசம்பர்ல. சொன்ன கையோட, தேடறது சாத்தியமில்ல, ஆபத்து, தேட மாட்டோம்னுட்டாங்க.

மோர்கனோட பொண்ணு கேம்ப்ரியா ஹாரிஸ் ஒட்டாவா போய் நாடாளுமன்றத்துல நின்னு கேட்டாங்க, எங்கம்மாவைக் குப்பைன்னு நினைச்சிட்டீங்களா, இன்னொரு வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படி விட்டுடுவீங்களான்னு (வார்த்தை என்னது, கேட்டது இதுதான்). அதுக்கப்புறம் ஒரு ஆய்வு நடந்துச்சு, 84 மில்லியன்லேருந்து 184 மில்லியன் டாலர் வரைக்கும் ஆகலாம், மூணு வருஷம் வரைக்கும் இழுக்கலாம், ஆனா செய்ய முடியும்னு 2023 மே மாசம் சொன்னாங்க. ஜூலையில அப்போதைய மானிடோபா பிரீமியர் (நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி) ஹெதர் ஸ்டெஃபன்சன் முடியாதுன்னுட்டாங்க. அந்த வருஷத் தேர்தல்ல அவங்க கட்சி என்ன பண்ணுச்சு தெரியுமா, குப்பைக்கிடங்கைத் தோண்ட விடமாட்டோம், நாங்க உறுதியா நிப்போம்னு பெரிய பெரிய பலகை வெச்சு விளம்பரம் பண்ணி ஓட்டு கேட்டாங்க. அம்மாவைத் தேடற பொண்ணு அந்தப் பலகையைத் தாண்டித்தான் கடைக்குப் போகணும். நம்ம ஊர் அரசியலைப் பாத்து வளந்தவ நான், எனக்கே அதை ஜீரணிக்க முடியல.

அந்தத் தேர்தல்ல அவங்க தோத்தாங்க, வாப் கினூ பிரீமியர் ஆனார், ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்ங்கற பூர்வகுடிப் பிரிவுலேருந்து ஒரு மாகாணத்துக்குப் பிரீமியரான முதல் ஆள். மத்திய அரசு 20 மில்லியன், மாகாணம் 20 மில்லியன் ஒதுக்கி 2024 டிசம்பர்ல தேட ஆரம்பிச்சாங்க. 2025 பிப்ரவரி கடைசியில உடல் பாகங்கள் கிடைச்சுது, மார்ச்ல அது மோர்கனும் மார்சிடீஸும்தான்னு உறுதியாயிடுச்சு. மூணு வருஷம் வரைக்கும் இழுக்கலாம்னு சொன்ன இடத்துல மூணு மாசத்துல கிடைச்சாங்க. அதே மார்ச்ல காட்டெருமைப் பெண் யாருங்கறதும் தெரிஞ்சுது, ஆஷ்லி ஷிங்கூஸ், 30 வயசு, வடக்க செயின்ட் தெரசா பாயின்ட்லேருந்து வந்தவங்க.

கொன்னவன் ஒருத்தன், அவனுக்கு 2024 ஜூலையில தீர்ப்பு சொல்லி, ஆகஸ்ட்ல ஆயுள் தண்டனை குடுத்தாச்சு. தேட வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க எத்தனை பேர்? அவங்கள்ல யாரும் வெறி பிடிச்சவங்க இல்ல, மீட்டிங் போட்டு ஃபைல்ல கையெழுத்துப் போட்டவங்க. நான் இனவெறின்னு சொல்றது அந்த ரெண்டாவது விஷயத்தை.

சிவா_ஸ்காபரோ

தங்கச்சி, அங்க கேட்டது நான்தான், அதால இங்கயே வாறன். கொலை செய்தவனுக்கு நான் வக்காலத்து வாங்கேல்லை, அந்தத் தாய் தேப்பன்ர வேதனை எனக்கும் விளங்குது. ஆனா அந்தக் குப்பைக்குள்ள அஸ்பெஸ்டஸ் கிடக்கு எண்டு அறிக்கையிலயே போட்டிருக்கு, இறங்கித் தேடுற ஆக்களின்ர உயிரும் உயிர்தானே. 184 மில்லியன் எண்டது சின்னக் காசில்லை, அந்தக் காசில உயிரோட றோட்டில நிக்கிற பிள்ளையளுக்கு வீடு கட்டிக் குடுக்கலாம் எண்டு ஒருத்தன் நினைச்சா அவனை உடன இனவெறியன் எண்டு சொல்லுறதோ? மற்றது, இந்தக் கொலையள் கனக்க அவையின்ர சொந்த ஆக்களாலதான் நடக்குது எண்டு பொலிசே சொல்லியிருக்கு. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

கயல்_வின்னிபெக்

அண்ணா, 184 மில்லியன்ங்கறது மேல் எல்லை. ஒதுக்கினது மொத்தம் 40. அஸ்பெஸ்டஸுக்குப் பாதுகாப்பு உடை, காத்தை அளக்கற கருவி, பயிற்சி எல்லாம் இருக்கு, பழைய கட்டடத்தை இடிக்கற வேலையில தினமும் ஆளுங்க அதோடதான் வேலை செய்யறாங்க. அந்தக் காசுல வீடு கட்டலாம்னு சொல்றீங்க, சரி, தேட மாட்டோம்னு சொன்ன ரெண்டு வருஷத்துல அந்தக் காசுல யார் வீடு கட்டினாங்க? இதுக்கு முன்னாடி 2012லயும் பிரேடி ரோடுல இன்னொரு பூர்வகுடிப் பொண்ணைத் தேடறோம்னு ஆரம்பிச்சு சில நாள்ல நிறுத்திட்டாங்க. அந்தக் குடும்பம் இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு.

இன்னொண்ணு, தேட மாட்டோம்னு சொன்ன அதே கட்சியோட இடைக்காலத் தலைவர் 2025ல சட்டசபையில மன்னிப்புக் கேட்டார்.

லொறிக்காரன்_பிசி

நான் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில பிரின்ஸ் ஜோர்ஜில இருந்து பிரின்ஸ் றூபேர்ட்டுக்கு ஹைவே 16இல லொறி ஓடுறனான். கிட்டத்தட்ட 720 கிலோமீற்றர். இந்த றோட்டுக்குக் கண்ணீர் நெடுஞ்சாலை எண்டு பேர், உங்களில கனபேர் கேள்விப்பட்டிருப்பியள். ஓடிப் பார்த்தாத்தான் அது என்ன எண்டு விளங்கும். ஒரு ஊர் தாண்டினா அடுத்த ஊருக்கு ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம், நடுவில காடும் ஆறும் மலையும்தான், கன இடத்தில போனுக்குச் சிக்னல்கூடக் கன காலமா இல்லாமல் இருந்தது. றோட்டுக் கரையில பூர்வகுடிக் கிராமங்கள். ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு, வேலைக்கு, சொந்தக்காரரைப் பாக்க எல்லாத்துக்கும் அடுத்த ஊருக்குத்தான் போகவேணும். கார் இல்லாட்டி என்ன செய்யிறது? கை காட்டி வாற வாகனத்தில ஏறுறதுதான்.

பொலிஸ் 2005இல தனிப் படை ஒண்டு போட்டு இந்த றோட்டிலயும் பக்கத்து றோட்டுகளிலயும் 1969 தொடக்கம் 2006 வரைக்கும் கொல்லப்பட்ட, காணாமல் போன 18 பேரின்ர கேஸுகளை எடுத்தது. கிராமத்துச் சனத்தைக் கேட்டா அந்த 18ஐ ஒருத்தரும் ஏற்கமாட்டினம், இன்னும் கனக்க எண்டுதான் சொல்லுவினம். அதில கனபேர் பூர்வகுடிப் பெட்டையள். ரமோனா வில்சன் எண்ட பிள்ளை 1994 ஜூனில சிமிதேர்ஸில காணாமல் போனது, 16 வயசு, அடுத்த வருசம்தான் உடல் கிடைச்சது. 2002இல மரம் நடுற வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெட்டை காணாமல் போன நேரம்தான் நாடு முழுக்கப் பேப்பர், ரீவீ எல்லாம் இந்த றோட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தது. அந்தப் பிள்ளையும் பாவம், இண்டைக்கும் கிடைக்கேல்லை. ஆனா அதுக்கு முதல் முப்பது வருசமா இந்தக் கிராமத்துத் தாய்மார் கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லை.

2006இல பிரின்ஸ் ஜோர்ஜில பெரிய கூட்டம் கூடி 33 பரிந்துரை எழுதிச்சினம். அதில முக்கியமானது ஒரு பஸ் விடுங்கோ எண்டது. வேற ஒண்டுமில்லை, ஒரு பஸ். அது ஓடத் தொடங்கினது 2017இல. பதினொரு வருசம். அடுத்த வருசமே கிறேஹவுண்ட் பஸ் இந்தப் பக்கம் நிறுத்திட்டுப் போட்டுது. இதுக்குள்ள 2015இல இன்னொரு விசயம் வெளிய வந்தது, இந்த றோட்டைப் பற்றின ஈமெயிலுகளைத் தகவல் கேட்டு விண்ணப்பம் போட்ட பிறகு போக்குவரத்து அமைச்சில அழிச்சுப் போட்டினம் எண்டு மாகாணத் தகவல் ஆணையர் அறிக்கை விட்டவ. அதில ஒரு அரசாங்க ஊழியர் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதுக்குக் கோட்டில குற்றத்தை ஒப்புக்கொண்டு 2,500 டொலர் தண்டம் கட்டினவர்.

பெட்டையள் கை காட்டி ஏறாதேங்கோ, கொலைகாரன் திரியிறான் எண்டு றோட்டில பலகை நட்டு வைச்சிருந்தவை. பஸ்ஸும் விடாமல் ஏறவும் வேண்டாம் எண்டா அந்தப் பிள்ளை எப்பிடி வீட்டை போறது சிவா அண்ணை?

அருள்மொழி

சிவா சார் சொன்ன "சொந்த ஆளுங்க" விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இது எல்லா இடத்துலயும் வர்ற வாதம், சும்மா ஒதுக்க முடியாது.

ஆர்சிஎம்பி (கனடாவோட மத்திய போலீஸ்) 2014ல ஒரு அறிக்கை விட்டாங்க. மொத்தம் 1,181 பூர்வகுடிப் பெண்கள், அதுல 1980லேருந்து 2012 வரைக்கும் நடந்த கொலை 1,017, காணாமல் போனவங்க 164 பேர். நாட்டுல இருக்கற பெண்கள்ல இவங்க 4.3 சதவீதம், கொலையான பெண்கள்ல 16 சதவீதம். அடுத்த வருஷம் அப்போதைய அமைச்சர் ஒருத்தர் பூர்வகுடித் தலைவர்கள் கூட நடந்த கூட்டத்துல, கொன்னவங்கள்ல 70 சதவீதம் பூர்வகுடிகள்தான்னு சொன்னார், போலீஸ் தலைமையும் ஆமான்னு கடிதம் எழுதுச்சு. நீங்க கேள்விப்பட்டது இதுதான். காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பத்தி விசாரிச்ச தேசிய ஆணையம் 2019 அறிக்கையில இந்த 70ஐப் பரிசீலிச்சு, ரொம்பக் குறுகின, முழுசில்லாத தரவுலேருந்து எடுத்தது, தப்பான படத்தைக் குடுக்குதுன்னு சொல்லிடுச்சு.

அந்த 70 சரியாவே இருந்தாலும் என்ன மாறிடும்? எந்த நாட்டுலயும் கொலையாகிற பெண்ணைப் பெரும்பாலும் தெரிஞ்ச ஆள்தான் கொல்றான், புருஷன், முன்னாள் புருஷன், காதலன், தெருக்காரன். வெள்ளைக்காரப் பெண்களைப் பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான் கொல்றாங்க, அதனால போலீஸ் தேட வேண்டாம்னு யாராவது சொல்றாங்களா? கொன்னவன் எந்த இனம்ங்கறது ஒரு கேள்வி. பொண்ணைக் காணோம்னு அம்மா ஸ்டேஷனுக்குப் போனா, எங்கயாவது குடிச்சிட்டு கிடப்பா, வந்துடுவான்னு சொல்லித் திருப்பி அனுப்பறது வேற கேள்வி. முதல் கேள்வியைக் காட்டி ரெண்டாவதை மறைக்கறாங்க.

சிவா_ஸ்காபரோ

அதே 2014 அறிக்கையில பூர்வகுடிப் பெண்களின்ர கொலையில 88 சதவீதம் துப்புத் துலக்கப்பட்டது, மற்றப் பெண்களுக்கு 89 எண்டும் இருக்கு. பொலிஸ் இனவெறியோட வேலை செய்தா இந்த ரெண்டு எண்ணும் எப்பிடிச் சமமா வரும்? இதுக்குப் பதில் சொல்லுங்கோ, நான் உண்மையாத்தான் கேக்கிறன்.

அருள்மொழி

நல்ல கேள்வி சார். அந்த எண் கொலைன்னு பதிவான கேஸை மட்டும்தான் எண்ணுது. ஆத்துல கிடைச்ச உடலை விபத்து, தற்கொலை, போதைன்னு ஒரே நாள்ல முடிச்சு வெச்ச கேஸ் அந்தக் கணக்குக்குள்ளயே வராது. குடும்பங்கள் ஆணையத்து முன்னாடி வந்து திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். அப்புறம், துப்புத் துலங்கினது எத்தனை வருஷம் கழிச்சுன்னு அந்த எண் சொல்லாது.

ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன், க்ரீ இனப் பெண், 19 வயசு, டீச்சர் ஆகணும்னு மானிடோபாவுல தி பாஸ்ங்கற ஊருக்கு வந்து படிச்சவ. 1971 நவம்பர்ல நாலு வெள்ளைக்கார வாலிபர்கள் கார்ல இழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொன்னாங்க. யார் பண்ணினதுன்னு ஊர்ல ரொம்ப பேருக்கு வருஷக்கணக்கா தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கல. வழக்கு கோர்ட்டுக்கு வந்தது 1987ல. நாலு பேர்ல தண்டனை கிடைச்சது ஒருத்தனுக்கு மட்டும். இதுவும் "துப்புத் துலங்கிய" கேஸ்தான்.

வான்கூவர் பக்கம் போர்ட் கொக்விட்லம் பன்றிப்பண்ணைக்காரன் கதையை எடுத்துக்கோங்க. வான்கூவர் டவுன்டவுன் ஈஸ்ட்சைடுலேருந்து வருஷக்கணக்கா பெண்கள் காணாமல் போனாங்க, நிறைய பேர் பூர்வகுடிகள், பாலியல் தொழில்ல இருந்தவங்க. 1997லயே ஒரு பெண் கத்திக்குத்தோட அந்தப் பண்ணையிலேருந்து தப்பி ஓடி வந்து சொன்னாங்க, கொலை முயற்சி வழக்குப் போட்டு 1998 ஜனவரியில கைவிட்டுட்டாங்க, சாட்சி போதைப்பழக்கம் உள்ளவ, கோர்ட்ல நிக்காதுன்னு. அதே வருஷம் வான்கூவர் போலீசுக்குள்ளயே ஒரு குற்றவியல் நிபுணர் இது தொடர்கொலைகாரன் வேலையா இருக்கலாம்னு சொன்னார், கேக்கல. அவனைப் பிடிச்சது 2002ல. பண்ணையில 33 பெண்களோட உடல் எச்சமோ மரபணுவோ கிடைச்சுது, தண்டனை கிடைச்சது ஆறு கொலைக்கு. நாலு வருஷம் அவன் வெளிய இருந்தப்ப செத்தவங்க ஒவ்வொருத்தரும் காப்பாத்தியிருக்கக் கூடியவங்க. 2012ல இதை விசாரிச்ச வாலி ஒப்பல் ஆணையம், போலீஸ் இந்தப் பெண்களை அலட்சியம் பண்ணினதுதான் காரணம்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கு.

கோர்ட்டும் வேற மாதிரி இல்ல. எட்மன்டன்ல 2011ல செத்துப்போன சிண்டி கிளாடு வழக்குல, அவங்க உடம்பு பாகத்தையே ஜூரி முன்னாடி சான்றுப்பொருளாக் கொண்டு வந்து காட்டினாங்க. விசாரணை முழுக்க அவங்களைப் பூர்வகுடி, விபச்சாரின்னே குறிப்பிட்டாங்க. 2015ல குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை. 2019ல உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பூர்வகுடிப் பெண்களைப் பத்தின முன்முடிவோட பாக்காதீங்கன்னு ஜூரிக்கு நீதிபதி சொல்லியாகணும்னு சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினாங்க, 2021ல தண்டனை வந்துச்சு. அவங்க செத்து பத்து வருஷம் கழிச்சு.

தர்சி_மொன்றியல்

நான் சமூகசேவை படிக்கிறன், இங்கயே பிறந்தனான், தமிழ் பிழையா இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

எல்லாரும் பொலிஸைப் பற்றி மட்டும் கதைக்கிறியள், பொலிசுக்கு முதல் நடக்கிறதைச் சொல்லுறன். ரீனா ஃபொன்ரேன், சாகீங் கிராமத்துப் பிள்ளை, 15 வயசு. 2011இல தகப்பனை அடிச்சுக் கொலை செய்திட்டாங்கள், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய கவுன்சலிங் கிடைக்கவே இல்லை. 2014 கோடையில வின்னிபெக் வந்து அரசாங்கப் பராமரிப்புக்குள்ள போச்சுது. பராமரிப்பு எண்டா வீடில்லை, ஹோட்டல் அறை, அப்ப மானிடோபாவில இடம் இல்லாட்டி பிள்ளையளை ஹோட்டலில விடுற வழக்கம் இருந்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி காணாமல் போனவள் எண்டு பதிவில இருக்கேக்கை ஒரு வாகனத்தை ரெண்டு பொலிஸ்காரர் மறிச்சவை, உள்ள ரீனா இருந்தவள், பேரைக் கேட்டுப்போட்டு விட்டுட்டினம். அதே நாள் பேந்து மயங்கின நிலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கயிருந்து பிள்ளைகள் நல அதிகாரி வந்து கூட்டிக்கொண்டு போய் திரும்ப ஹோட்டலிலதான் விட்டது. அண்டைக்கே வெளிய போனவள் திரும்பி வரேல்லை. ஓகஸ்ட் 17ஆம் திகதி ரெட் ஆற்றில உடல் கிடைச்சது. கொலை செய்தவன் எண்டு வழக்குப் போடப்பட்ட ஆள் 2018இல விடுதலை.

ஒரே நாளில பொலிஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் நலன் மூண்டு இடமும் அந்தப் பிள்ளையைக் கையில வைச்சிருந்தது. மூண்டும் விட்டுட்டுது. இதை வகுப்பில படிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.

இது ஒரு பிள்ளையின்ர கதை எண்டு நினைக்காதேங்கோ. 2021 கணக்கெடுப்பில 15 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளில பூர்வகுடிப் பிள்ளையள் 8 சதவீதம்கூட இல்லை, தனியார் வீட்டு வளர்ப்புப் பராமரிப்பில இருக்கிற பிள்ளையளில பாதிக்கு மேல அவைதான். முந்தி பூர்வகுடிப் பிள்ளையளைத் தாய் தேப்பனிட்ட இருந்து பிரிச்சு வதிவிடப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவை, ஒண்டரை லட்சம் பிள்ளையள், கடைசிப் பள்ளிக்கூடம் மூடினது தொண்ணூறுகளின்ர பிற்பகுதியில. பிறகு அறுபதுகளில தத்து எண்டு சொல்லி வெள்ளைக் குடும்பங்களுக்குக் குடுத்தவை. இப்ப பராமரிப்பு. தாயிட்ட இருந்து பிள்ளையைப் பறிக்கிற பேர்தான் மாறிக்கொண்டு வருது.

கியூபெக்கும் சுத்தமில்லை, 2015இல வால்-டோர் எண்ட ஊரில பூர்வகுடிப் பெண்கள் ரீவீயில முகம் காட்டி, பொலிஸ்காரர்தான் எங்களைக் கொண்டுபோய்த் துஷ்பிரயோகம் செய்தவை எண்டு சொன்னவை. அதுக்குப் பிறகு பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போய் முறைப்பாடு குடுங்கோ எண்டு அவையளிட்ட எப்பிடிச் சொல்லுறது?

புதுசு_ரெஜைனா

நான் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஸ்டூடண்ட். இங்க நம்மாளுங்க வீட்டுக்குச் சாப்பிடப் போனா முதல்ல சொல்ற அட்வைஸே, நேட்டிவ்ஸ் பக்கம் போகாத, குடிகாரங்க, அரசாங்கம் ஃப்ரீயா காசு குடுக்குது, வரி கிடையாது, வேலை செய்ய மாட்டாங்கன்னுதான். தப்பா கேக்கறேன்னு நினைக்காதீங்க அக்கா, அந்த ஃப்ரீ காசு உண்மையா? ஏன் அந்தப் பொண்ணுங்க சொந்த ஊரை விட்டு தனியா சிட்டிக்கு வர்றாங்க?

கயல்_வின்னிபெக்

தம்பி, கேட்டது நல்லது, ஏன்னா நம்ம வீடுகள்ல சாப்பாட்டு மேசையில நடக்கற இந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. வின்னிபெக் இருக்கற நிலத்துக்கு 1871ல போட்ட முதலாம் உடன்படிக்கைப்படி (பூர்வகுடிகளோட அரசாங்கம் போட்ட ஒப்பந்தம்) ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 3 டாலர், 1875ல அது 5 டாலர் ஆச்சு. மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. இன்னிக்கும் அதே 5 டாலர்தான். வரி விலக்கு, சட்டப்படி பூர்வகுடின்னு பதிவான அந்தஸ்து இருக்கறவங்க ரிசர்வ்ல (பூர்வகுடிகளுக்குன்னு ஒதுக்கின நிலம்) சம்பாதிக்கறதுக்குத்தான், சிட்டில வேலை பாத்தா உன்னை மாதிரி என்னை மாதிரி கட்டணும்.

அப்புறம் தண்ணி. வின்னிபெக்ல குழாயைத் திறந்தா வர்ற தண்ணி ஷோல் லேக்லேருந்து வருது, 1919ல கால்வாய் வெட்டினாங்க. அதுக்காக அங்க இருந்த ஷோல் லேக் 40ங்கற பூர்வகுடி ஊர் மக்களோட நிலத்தை வெட்டி அவங்க ஊரைத் தீவாக்கிட்டாங்க. நமக்குத் தண்ணி குடுக்கற அந்த ஏரிக்கரையில அவங்களுக்கு 1997லேருந்து 2021 வரைக்கும் குழாய்த்தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்கன்னு எச்சரிக்கை. வெளிய வர ரோடு கிடைச்சது 2019ல. யார் யாருக்கு ஃப்ரீயா குடுத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீயே யோசிச்சுக்கோ.

அருள்மொழி

ஏன் ஊரை விட்டு வர்றாங்கன்னா, வடக்குல நிறைய ரிசர்வ்ல ஹைஸ்கூலே கிடையாது, பிரசவத்துக்கே சிட்டிக்கு வரணும். அதோட சட்டமே துரத்தினதும் உண்டு. 1876 இந்தியர் சட்டத்தோட கீழ பூர்வகுடிப் பெண் வெளி ஆளைக் கல்யாணம் பண்ணினா அந்தஸ்து போயிடும், ரிசர்வ்ல வீடு போயிடும், புருஷன் விட்டுட்டுப் போனாலும் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து குடியிருக்க உரிமை கிடையாது. பூர்வகுடி ஆண் வெளியில கட்டினா அவன் மனைவிக்கும் அந்தஸ்து வரும். சாண்ட்ரா லவ்லேஸ் ஐநா மனித உரிமைக் குழு வரைக்கும் போய் 1981ல ஜெயிச்சாங்க, 1985ல சட்டம் பாதி மாறுச்சு, மீதி பாகுபாட்டுல பெரும்பகுதியைச் சரி பண்ண 2019 ஆயிடுச்சு. திரும்பிப் போக வீடில்லாத பெண்களை நூறு வருஷமா அரசாங்கமே உற்பத்தி பண்ணியிருக்கு, அப்புறம் ஷெல்டர் வாசல்ல நிக்கறாளேன்னு கேக்கறோம்.

கமலாக்கா

தம்பி சிவா, நீரும் நானும் ஒரே ஊரிலதான் இருக்கிறம், அதால ரொறன்ரோவில நடந்ததை ஞாபகப்படுத்துறன். 2010இல இருந்து 2017 வரைக்கும் எட்டு ஆம்பிளையளை ஒருத்தன் கொலை செய்து, கனபேரின்ர உடலைப் பூந்தொட்டிகளுக்குள்ள தாட்டு வைச்சிருந்தான். அதில எங்கட தமிழ்ப் பிள்ளையளும் இருந்தவங்கள். ஒரு பிள்ளை கப்பலில வந்து அகதி வழக்குத் தோத்து ஒளிச்சு இருந்தபடியால் காணேல்லை எண்டு முறைப்பாடுகூட ஒருத்தரும் குடுக்கேல்லை. முதல் மூண்டு பேர் காணாமல் போனதைப் பொலிஸ் தனிப் படை போட்டு விசாரிச்சு, ஒண்டும் இல்லை எண்டு 2014இல மூடினது. 2021இல ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தர் விசாரிச்சு, ஒடுக்கப்பட்ட ஆக்கள் காணாமல் போனா பொலிஸ் ஒழுங்காத் தேடுறேல்லை எண்டு பெரிய அறிக்கையா எழுதினவ. அப்ப எங்கட சனம் எவ்வளவு கொதிச்சது? நீரும்தானே கூட்டத்துக்கு வந்தனீர்.

2022 மே மாதம் கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளா ஏற்ற நேரம் நான் அழுதனான். இந்த நாட்டில எங்கட சாவுக்கு அங்கீகாரம் கேக்கிற நாங்கள், இந்த மண்ணின்ர பிள்ளையளின்ர சாவுக்குக் காசுக் கணக்குப் பாக்கிறதை என்னால தாங்கேலாமல் கிடக்கு.

சிவா_ஸ்காபரோ

அக்கா, கூட்டத்துக்கு வந்தனான்தான். காசுக் கணக்கு ஒரு அரசாங்கம் பாக்கத்தான் வேணும் எண்டதில நான் இன்னும் நிக்கிறன், அதில வாதாட வேற நேரம் இருக்கு. எனக்கு இப்ப தெரிய வேண்டியது வேற. 2019இல தேசிய ஆணையம் இனப்படுகொலை எண்டே சொல்லி முடிச்சது, அப்போதைய பிரதமரும் ஏற்றவர். அதுக்குப் பிறகு என்ன நடந்தது? அறிக்கை அறிக்கையா வந்துகொண்டிருந்தா ஆருக்கு லாபம்?

அருள்மொழி

ஆணையம் வெச்சது 231 கோரிக்கை. தலைமை ஆணையர் மரியன் புல்லரே பூர்வகுடிப் பெண், நீதிபதியா இருந்தவங்க. 2,300க்கு மேல பேர் சாட்சி, கருத்து சொல்லியிருக்காங்க. அரசாங்கத்தோட செயல்திட்டம் வரவே ரெண்டு வருஷம், 2021 ஜூன். 2023ல கனடாவோட பொது ஒளிபரப்பு நிறுவனம் சிபிசி ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தப்ப 231ல முழுசா முடிஞ்சது 2.

அதனால குடும்பங்கள் அரசாங்கத்துக்குக் காத்திருக்கறதில்ல சார். ரீனா கிடைச்ச அதே 2014ல, 2008லேருந்து தங்கச்சியைத் தேடிக்கிட்டிருந்த பெர்னடெட் ஸ்மித் ஆட்களைச் சேத்துக்கிட்டு படகுல போய் ரெட் ஆத்தைக் கொக்கி போட்டுத் துழாவ ஆரம்பிச்சாங்க. போலீஸ் தேடாத ஆத்தை அக்கா தங்கச்சிங்க தேடினாங்க. அவங்க இப்ப மானிடோபாவுல அமைச்சர். பிரெய்ரி கிரீன் தேடல் நடந்ததுக்கு இந்த மாதிரி ஆளுங்க ஓட்டு வாங்கி உள்ள போனதுதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

லொறிக்காரன்_பிசி

அதை நானும் ஏற்கிறன். எங்கட றோட்டில பஸ் வந்ததும் தாய்மார் விடாமல் நடந்து நடந்து கேட்டபடியால்தான். வான்கூவரில பெப்ரவரி 14 ஊர்வலம் தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில இருந்து ஒவ்வொரு வருசமும் போகுது. நான் ஓடுற நாள் இல்லாட்டி போறனான். எங்கட ஆக்கள் ஒருத்தரையும் அங்க காணுறேல்லை.

புதுசு_ரெஜைனா

மே 5 சிவப்பு ஆடை நாள்னு காலேஜ்ல நோட்டீஸ் பாத்தேன், மரத்துல வெறும் சிவப்பு கவுன் தொங்க விட்டிருப்பாங்களே அதானே? வெளி ஆளுங்க போகலாமா, இல்ல அவங்க சடங்கு, நாம நுழையக் கூடாதா?

கயல்_வின்னிபெக்

அதேதான். வின்னிபெக்ல ஜேமி பிளாக்னு ஒரு மேட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு) இனக் கலைஞர் 2010ல ஆரம்பிச்சது, ஒவ்வொரு கவுனும் காணாமல் போன ஒரு பொண்ணோட இடம். தாராளமாப் போகலாம், வரச் சொல்லித்தான் கூப்பிடறாங்க. பேச்சு நடக்கும்போதும் மேளம் அடிக்கும்போதும் போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடு. குடும்பங்கள்தான் முன்னாடி நடப்பாங்க, நாம பின்னாடி. யார் பேசினாலும் கேளு, நம்ம கதையைச் சொல்ல அது இடமில்ல. ரெஜைனாலயும் நடக்கும், காலேஜ்ல பூர்வகுடி மாணவர் மையம் இருந்தா போய்க் கேளு, சொல்வாங்க.

வின்னிபெக்ல இருக்கறவங்க யாராவது வரணும்னா எனக்கு மெசேஜ் போடுங்க, என் வண்டியில நாலு பேருக்கு இடம் இருக்கு. சிவா அண்ணா, உங்க காசுக் கணக்குக் கேள்விக்கும் நான் இன்னும் முழுசா பதில் சொல்லல, அந்த 2023 ஆய்வறிக்கையோட செலவுப் பகுதியைப் படிச்சிட்டு நாளைக்கு எழுதறேன், நீங்களும் படிச்சிட்டு வாங்க.